அரிய நோய்தான், ஆனால் தீரக்கூடியது

விரைப் புற்றுநோய் இந்தியாவில் அரிது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ஆண்களில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது; நார்வேயிலும் டென்மார்க்கிலும் இது பல மடங்கு அதிகம். இவ்வளவு அரிதான நோய்க்குத் திருவண்ணாமலை போன்ற மாவட்டத்தில் கட்டியின் வகையைக் கண்டறியத் தனி ஏற்பாடு எதற்கு என்று கேட்கலாம். ஆனால் இது பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்குள் இருப்பவர்களைத் தாக்குகிற நோய். பரவிய பிறகும் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடக்கூடிய நோய். 1974இல் அமெரிக்காவின் இண்டியானாவில் மருத்துவர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தைக் கொண்ட கூட்டுச் சிகிச்சையைத் தொடங்கியதால் வந்த மாற்றம் இது. மருந்து இருக்கிறது, அது சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் போய்ச்சேர, கட்டியின் வகை பிசகாமல் தெரிய வேண்டும்.

அறுவையில் எடுத்த கட்டியை ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். செல்லின் வடிவம் மட்டும் எப்போதும் போதாது. விரைக் கட்டியின் ஒரு வகையான செமினோமாவும், நிணநீர்ப் புற்றான லிம்போமாவும் சில சமயம் ஒன்றுபோலத் தெரியும். சிகிச்சையோ வேறு வேறு. திசுவிலுள்ள புரதங்களை ஆன்டிபாடியால் நிறமேற்றிப் பார்த்தால் குழப்பம் தீரும். ஓசிடி 3/4 என்ற புரதம் செமினோமாவில் தெரியும், லிம்போமாவில் தெரியாது. சிடி 30 என்ற புரதம் எம்பிரயோனல் கார்சினோமா என்ற இன்னொரு விரைக் கட்டி வகையைக் காட்டிக்கொடுக்கும். இத்தகைய புரதங்கள் நோயின் பிறப்பையும் சொல்கின்றன. கட்டியாகும் முன்பே விரைக்குள் பிறழ்ந்து கிடக்கும் செல்களை 1972இல் கோபன்ஹேகனில் மருத்துவர் நீல்ஸ் ஸ்காக்கெபெக் அடையாளம் காட்டினார். கருவிலிருக்கும் சிசுவின் இனச்செல்களில் உள்ள புரதங்களே அவற்றிலும் இருப்பது பின்னர் தெரியவந்தது. இருபத்தைந்து வயதில் வெளிப்படும் நோய்க்கான வித்து தாயின் வயிற்றிலேயே விழுந்துவிடுகிறது என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. விரை கீழிறங்காமல் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல் என்பதும் அதோடு பொருந்துகிறது.

ரத்தப் பரிசோதனை போதாதா என்பார்கள். ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் என்ற மூன்று ரத்தக் குறியீடுகளையும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஏஎஃப்பி உயர்ந்திருந்தால் அது தூய செமினோமா அல்ல. ஆனால் செமினோமா உள்ள பலருக்கு இவை இயல்பு அளவிலேயே இருக்கும். அப்போது பேச வேண்டியது திசுதான். செலவு என்பது இன்னொரு தடை, நியாயமானதும்கூட. ஆனால் மார்பகப் புற்றுநோய்க்கு ஈஆர், பிஆர், ஹெர் 2 என்ற புரதங்களைப் பார்க்கவும் இதே முறைதான், இதே ஆய்வகம்தான். அரிய நோய்க்கென்று புதிதாக வேண்டியது சில ஆன்டிபாடிகள் மட்டுமே.

அவற்றையும் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரியிலேயே வாங்கி வைத்தாக வேண்டும் என்பதில்லை. திசுவை உடனே, போதுமான ஃபார்மலினில் போட வேண்டும். அதில் தவறினால் எந்த ஊர் ஆய்வகத்தாலும் அந்தப் புரதங்களை மீட்க முடியாது. மெழுகுக் கட்டியை வேலூருக்கோ அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்கோ அனுப்பி முடிவைப் பெற, அலைச்சல் இல்லாத ஒழுங்கு வேண்டும். அதை அரசுதான் செய்ய வேண்டும். இளைஞர்களும் வீட்டாரும் செய்ய வேண்டியது ஒன்று: விரையில் வலியில்லாத வீக்கம் தெரிந்தால் ஓதம் என்று விட்டுவிடாமல், வெட்கப்படாமல், அந்த வாரமே மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் எடுங்கள்.