மோட்டார் ரூம் சாவி

"எத்தனை பேர் மேடம்?" என்றார் போனில் பேசியவர். ஒருத்தி என்றேன். "சார் எப்ப வர்றாங்க?" சார் வரவில்லை. "பிரண்ட்ஸ் யாராவது?" இல்லை. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "பாதுகாப்புக்காகத்தான் மேடம், வீட்டுக்காரர் நம்பர் ஒண்ணு குடுத்துடுங்க" என்றார். கொடுத்தேன். நாற்பத்தாறு வயது, முனைவர் பட்டம், இருபது வருட வேலை, மூன்று கவிதைத் தொகுப்புகள். இத்தனை இருந்தும் ஆனைமலை அடிவாரத்துத் தென்னந்தோப்பில் மூன்று ராத்திரி தங்க எனக்கு ஓர் ஆணின் பத்து இலக்கம் தேவைப்பட்டது. பக்கத்துக் குடிலுக்கு ஓர் இளைஞர் தனியாக வந்திருந்தார். கேட்டேன். அவரிடம் யார் நம்பரையும் கேட்கவில்லையாம்.

குடில் எளிமையானதுதான். ஓட்டுக்கூரை, பூசாத செங்கல் சுவர், கயிற்றுக் கட்டில், கொசுவலை, மூலையில் மண்பானை, ஒரே ஒரு பல்பு. திண்ணைக்கு வந்தால்தான் சிக்னல். பையைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டேன், புத்தகங்களை ஜன்னல் திட்டில் அடுக்கினேன். தாழ்ப்பாளை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். ஆண்கள் எழுதும் பயணக் கட்டுரைகளில் இந்த மூன்று தடவை இருப்பதில்லை. கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் வாசனை பிடிபட்டது. ஈர மண், கிரீஸ், பழைய சாக்கு. சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி இருந்த இடம் வெள்ளையடித்தும் சதுரமாகத் தெரிந்தது. இது குடில் இல்லை. பெயர் மாற்றி வாடகைக்கு விடப்பட்ட மோட்டார் ரூம்.

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் எங்களுக்கும் நாலு ஏக்கரும் கிணறும் இப்படி ஒரு மோட்டார் ரூமும் இருந்தன. விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம், ஆனால் மும்முனைக் கரண்ட் நடுராத்திரிதான் வரும். வந்த உடனே மோட்டார் போட்டு வாய்க்கால் திருப்ப வேண்டும். அப்பாவோடு காவலுக்குப் படுக்கத் தம்பி போவான். அவனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்குப் பதினாறு. மடை கட்டுவதில் அவனைவிட நான் கெட்டிக்காரி, அப்பாவே சொல்வார். ஆனாலும் ஒரு ராத்திரிகூட நான் அங்கே படுத்ததில்லை. காலையில் அவன் வந்து நட்சத்திரம் விழுந்ததைச் சொல்வான், கீரி வந்ததைச் சொல்வான். நான் அவனுக்குக் காப்பி ஆற்றிக் கொடுப்பேன்.

பிறகு இதையே பாடமாக நடத்தப் போனேன். குறிஞ்சித் திணையில் தினைப்புனம் காக்கும் பெண் இதணத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் தட்டை, குளிர். கிளி ஓட்டுகிறாள். உரை எழுதியவர்களுக்கு அந்தப் பரணில் தெரிந்ததெல்லாம் காதல் ஒன்றுதான். அது தலைவனைச் சந்திக்கக் கட்டிய மேடை அல்ல. வேலையிடம். வீட்டுக்கு வெளியே, பார்வை போகும் தூரம்வரை காடு தெரியும் ஓர் உயரத்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த இடம். கதிர் முற்றி அறுவடை முடிந்ததும் அவளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். அதற்கு இற்செறிப்பு என்று அழகான பெயர். பருவத்தேர்வில் இரண்டு மதிப்பெண் வினா. பூட்டியது யார், சாவி யாரிடம் என்று எந்த வினாத்தாளிலும் நான் கேட்டதில்லை. இனி கேட்பேன்.

தனியாக நடந்த பெண்களுக்கு நம் மரபு கேட்ட விலையையும் பாருங்கள். காரைக்கால் அம்மையார் உடம்பின் சதையை உதறிப் பேயுருவம் வாங்கிய பிறகே திருவாலங்காட்டுக்குப் போக முடிந்தது. ஔவை இளமையிலேயே கிழவியாக வரம் கேட்டாள் என்று கதை. நான் இன்னும் கிழவியாகவில்லை, பேயாகவும் உத்தேசமில்லை. இரண்டும் ஆகாமலே கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாள் எழுத வேண்டும். அவ்வளவுதான் கோரிக்கை.

"அதெல்லாம் காசுள்ள பொம்பளைங்க கோரிக்கை" என்று தோழர்கள் சொல்வார்கள். பாதி சரி. இங்கே காலையில் முற்றம் கூட்ட வரும் அக்கா, "ஏனுங்கம்மா, தனியாத்தான் வந்தீங்களா, பயமில்லீங்களா?" என்றார். அவருக்குக் கூலி நானூறு. தேங்காய் சுமக்கும் ஆணுக்கு எண்ணூறு. சம ஊதியச் சட்டம் 1976இல் வந்தது. நான் மூன்று ராத்திரிக்குக் கொடுத்த 7,500 ரூபாய் அவருக்குப் பத்தொன்பது நாள் கூலி. என் எளிமைக்குத் தண்ணீர் நிரப்புவதும் விறகடுப்பு ஊதுவதும் அவர்தான். விறகடுப்புச் சமையல் இங்கே தனிக் கட்டணம். என் அம்மா அதே புகையில் முப்பது வருடம் கண் எரிந்தார், இலவசமாக. எளிமையை விற்கிறவர்களிடம் கேளுங்கள், அதை யார் தலையில் ஏற்றியிருக்கிறீர்கள் என்று. ஆனால் அந்த அக்காவுக்கும் தனியாகப் படுக்க ஓர் இடம் வேண்டாமா? கேட்டேன். சிரித்தார். "கதவு போட்ட ரூமுங்களா? பேறுகாலத்துக்கு ஆஸ்பத்திரில கூட எனக்குக் கெடைக்கலீங்க."

என் மீதும் வழக்கு உண்டு, மறைக்கவில்லை. 1989இல் தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் மணமாகாத மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது. அப்போது எனக்குப் பத்து வயது, பங்கு எனக்கு உண்டு. 2005இல் மத்தியச் சட்டமும் வந்தது. 2010இல், அப்பா போன மறுவருடம், சார்பதிவாளர் அலுவலகத்தில் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். யார் தூண்டுதலும் இல்லாமல் மனப்பூர்வமாக என்று எழுதியிருந்தது. மாமா, சித்தப்பா, தம்பி மனைவி, என் கணவர் எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஏன் கொடுத்தேன்? அம்மா வீட்டு வாசல் அடைபட்டுவிடுமே என்ற பயம். பங்கு கேட்டவளுக்குப் பிறந்த வீட்டில் சோறு உண்டு, முகம் கிடையாது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் இந்தியாவின் சாகுபடி உடைமைகளில் பெண்கள் பெயரில் இருந்தவை சுமார் 14 சதவீதம்தான். மீதியில் எத்தனை, என்னைப் போல நல்ல பெயருக்காகக் கைநாட்டு வைத்தவர்களுடையது?

நாம் எல்லா மேடையிலும் வர்ஜீனியா வுல்ஃபின் சொந்த அறையை மேற்கோள் காட்டுகிறோம். 1929இல் அவர் எழுதியதில் அறைக்குப் பக்கத்திலேயே ஆண்டுக்கு 500 பவுண்டு இருக்கிறது, அத்தை விட்டுப்போன சொத்து. அதை விட்டுவிட்டு அறையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தோம். அதனால்தான் வாடகை அறையில் உட்கார்ந்து விடுதலையைப் பற்றி எழுதுகிறோம்.

கையெழுத்து வைக்கப் போகும் தங்கையருக்கு ஒன்று சொல்கிறேன். வைக்காதீர்கள். நல்ல அக்கா என்ற பெயருக்கு நாலு ஏக்கர் அநியாய விலை.

நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு எங்கோ மோட்டார் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. விடிந்ததும் திண்ணையில் நின்று தம்பிக்குப் போன் போட்டேன்.

"மோட்டார் ரூம் சாவி யாருகிட்ட இருக்கு?"

"எதுக்குக்கா?"

"லீவுல வந்து நாலு நாள் தங்கணும். தனியா."

"அங்கயா? பாம்பெல்லாம் கெடக்குதுக்கா."

"நீ படுத்தப்ப இல்லையா?"

பதில் வரவில்லை. லைனை நான் துண்டிக்கவில்லை.