வீட்டுத் தொழிலுக்கும் வெள்ள நிவாரணம் வேண்டும்

கடலூர் மாவட்டத்தில் வீட்டோடு நடக்கும் தொழில்கள் பல. கடலூர் முதுநகர்ப் பக்கம் கருவாடு. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரிக்கொட்டை உடைப்பதும் தோல் எடுப்பதும். சிதம்பரத்தில் மாவரைப்பு, பலகாரம், தையல், மாணவர்களுக்கான மெஸ். இவற்றைத் தொடங்குவதற்கு இன்று வழி இருக்கிறது. உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை, வீட்டு முகவரியே போதும். சிறு அளவில் தின்பண்டம் செய்பவர் ஆண்டுக்கு 100 ரூபாயில் உணவுப் பாதுகாப்புப் பதிவு பெறலாம். முத்ரா கடனும் மகளிர் குழுக் கடனும் உண்டு. தொடங்கிய தொழில் நிலைக்குமா என்பதைத்தான் இந்த மாவட்டத்தில் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை முடிவு செய்கிறது.

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல் முந்திரி, பலாத் தோப்புகளைச் சாய்த்தது. 2015 நவம்பரில் பெருமழை. 2024இல் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் தாழ்வான பகுதிகளில் புகுந்தது. வீட்டில் தொழில் செய்பவருக்கு அடுப்பங்கரைதான் பட்டறை, கூடம்தான் கிடங்கு. முழங்கால் அளவு தண்ணீர் போதும், குடியிருப்பும் பிழைப்பும் ஒரே இரவில் போய்விடும். காலமும் எதிராகவே அமைந்திருக்கிறது. தீபாவளிப் பலகாரம், மார்கழியில் ஆருத்ரா தரிசனக் கூட்டம், பொங்கல் என ஆர்டர்கள் குவியும் பருவத்துக்காக வட்டிக்கு வாங்கி உளுந்தும் எண்ணெயும் துணியும் அடுக்கி வைக்கும் மாதங்களே மழை மாதங்கள்.

நிவாரணக் கணக்கில் குடிசைக்கு இடம் உண்டு. பயிர், கால்நடை, மீனவரின் படகு, வலை ஆகியவற்றுக்கும் உண்டு. மாநிலப் பேரிடர் நிதியின் 2022-26 விதிமுறை கைத்தறி, கைவினைக் கலைஞர்களுக்கு மட்டும் கருவிக்கு 5,000 ரூபாய், மூலப்பொருளுக்கு 5,000 ரூபாய் தருகிறது. தொகை சிறிது, ஆனாலும் கொள்கை சரியானது. கிரைண்டரையும் தையல் இயந்திரத்தையும் இழந்தவர் அந்த வரிசையில் இல்லை. ஃபெஞ்சலின்போது குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. அது அடுப்பு மூட்ட உதவும், தொழிலை மீட்க உதவாது.

காப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். 2021 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள பாரத் கிருஹ ரக்ஷா வீட்டையும் வீட்டுச் சாமான்களையும் காக்கும். விற்பனைச் சரக்கு அதில் சேராது. குறுந்தொழில் சரக்குக்கும் இயந்திரத்துக்கும் உரிய பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி அதே காலத்தில் வந்தது. அதன் பெயரையாவது அப்பளம் இடும் பெண்ணிடம் யார் போய்ச் சொன்னார்கள்? குழுக் கடனோடு வரும் காப்பீடு பெரும்பாலும் கடன் வாங்கியவரின் உயிருக்குத்தான். அவர் உயிரோடிருந்து சரக்கு மட்டும் போனால் தவணை நிற்காது.

போலிக் கோரிக்கைகள் குவியும் என்ற தயக்கம் நியாயமானதே. அதற்கு விடை முன்கூட்டியே எடுக்கப்படும் பதிவேடு. உத்யம் எண், உணவுப் பாதுகாப்புப் பதிவு, குழுவின் கணக்குப் புத்தகம் ஆகிய மூன்றில் ஒன்றை வைத்து மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பே உண்மை அறியலாம். யார் வீட்டில் எத்தனை இயந்திரம் ஓடுகிறது என்பது தெருவுக்கே தெரியும். தொழில் செய்பவருக்கும் கடமை உண்டு. வீட்டுச் செலவையும் தொழில் வரவையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்தால் இழப்பு எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. தனி வங்கிக் கணக்கும் கொள்முதல் ரசீதும் வேண்டும்.

விதிமுறைக்கு மேல் நிவாரணம் தர மாநில அரசு தன் சொந்த நிதியைப் பயன்படுத்தத் தடையில்லை. கைவினைஞருக்குத் தரும் உதவியை எல்லா வீட்டுத் தொழிலுக்கும் நீட்டிக்க வேண்டும். தொழிலுக்கான குழுக் கடனோடு சரக்குக் காப்பீட்டையும் சேர்த்து, முதல் ஆண்டுப் பிரீமியத்தை அரசே ஏற்க வேண்டும். மாவட்டத் தொழில் மையமும் மகளிர் திட்ட அலுவலகமும் அடுத்த அக்டோபருக்குள் கடலூர், சிதம்பரம் வட்டங்களிலாவது பதிவேட்டை எடுத்து முடிக்கட்டும்.