விமானம் வேண்டாம், பஸ் நேரம் சொல்லுங்கள்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 10 கிலோமீட்டர். சாலையில் போனாலும் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் கூடும். இரண்டு ஊரிலும் விமான நிலையம் கிடையாது. விமானம் ஏற மதுரைக்குத்தான் போக வேண்டும். ராஜபாளையத்துக்காரர் அதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டித்தான் போயாக வேண்டும்!

ஆகவே இங்கே பேச வேண்டியது சாலையைப் பற்றித்தான்.

திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744, இரு ஊர்களையும் இணைக்கிறது. கேரளா செல்லும் லாரி, மில் வேலைக்குப் போகிறவர்கள், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மாவட்ட நீதிமன்றத்துக்கு வழக்குக் கட்டோடு வருகிறவர்கள் எல்லோருக்கும் அதே சாலை. வழி காலியாக இருந்தால் அரை மணிக்குள் போய்விடலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று அந்தக் கணக்கு செல்லாது.

விருதுநகர்–தென்காசி ரயில் பாதையும் இரு ஊர்களையும் தொட்டுச் செல்கிறது. சென்னை–செங்கோட்டை பொதிகை எக்ஸ்பிரஸ் இரண்டிலும் நிற்கிறது. ஆனால் 12 கிலோமீட்டருக்காக யாரும் இரவு ரயிலுக்குக் காத்திருக்க மாட்டார்கள்; பஸ்ஸைத்தான் பிடிப்பார்கள்.

சாலையை அகலப்படுத்துவது ஒருபுறம் இருக்கட்டும். அதற்கு முன், காலை அலுவலக நேரத்திலும் கடைசி பஸ் நேரத்திலும் நம்பக்கூடிய அட்டவணையைப் பஸ் நிலையங்களில் எழுதி வைக்கலாம். அதற்குப் பெரிய செலவில்லை.