கடைக் கணக்கு மாடியிலும் இருக்கட்டும்!



ராயபுரம் கல்மண்டபம் தொடங்கி திருவொற்றியூர் தேரடி, எண்ணூர் வரை நம்மில் பலருக்குக் கீழே கடை, மேலே குடித்தனம். கடையில் பில் போட ஒரு கம்ப்யூட்டர், மாடியில் பிள்ளைகள் படிப்புக்கென்று வாங்கியது இன்னொன்று. நடுவில் இருப்பது பதினைந்து படிக்கட்டுதான். ஆனாலும் கடைக் கணக்கு மாடி ஏற வேண்டுமானால் பென் டிரைவில், நம் சட்டைப்பையில் ஏறித்தான் போகிறது. அதுவும் ஞாபகம் வந்தால்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அரிசி மூட்டையை உயரத்தில் ஏற்றினோம், பருப்பை ஏற்றினோம். மேசைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியை எத்தனை பேர் நினைத்தோம்? ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். அரசாங்கத்துக்கு நாம் அனுப்பிய ரிட்டர்னாவது அவர்களிடம் இருக்கும். யார் நமக்கு எவ்வளவு பாக்கி என்ற பற்று வரவு வேறெங்கும் கிடையாது. ஆடிட்டரிடம் இருக்கிறதே என்பார்கள் சிலர். மாதக் கடைசியில் நாம் கொடுத்தது மட்டும்தான் அவரிடம் இருக்கும்.

எனவே கடையையும் வீட்டையும் ஒரே நெட்வொர்க்கில் இணைத்துவிட வேண்டும் என்பது நம் கருத்து. இரவு ஷட்டர் இறக்கும்போது அன்றைய கணக்கு தானாக மாடிக்குப் போய்விடும். இதற்கென்று பெரிய முதலீடு தேவையில்லை. இன்டர்நெட் இணைப்போடு வந்த ரவுட்டரின் பின்புறம் பாருங்கள். ஒயர் செருகும் துளைகள் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். ஒயர் 100 மீட்டர் நீளம் வரை தாங்கும். வைஃபை போதாதா என்றால், பழைய வீட்டுச் சுவர்களை அது தாண்டுவது சிரமம். போனுக்கு அது போதும், கணக்குக்கு ஒயரே நல்லது. வாங்கும்போது சுத்தச் செம்பு ஒயரா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு பூசியதும் விற்கிறது; நம் கடற்காற்றில் அதன் முனைகள் சீக்கிரம் அரித்துவிடும். எடைக்கல்லில் ஏமாறாத நாம் ஒயரில் ஏமாறலாமா?

கல்லாக் கணக்கு வீட்டாருக்குத் தெரிந்துவிடுமே என்று சிலர் தயங்குவது நமக்குத் தெரியாததல்ல! அதற்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறது.

உண்மையான பயம் வேறு. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் பரவியது. ஒரே நெட்வொர்க்கில் உள்ள கம்ப்யூட்டர்கள் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் விண்டோஸ் வசதியில் இருந்த ஓட்டைதான் அதற்கு வழி. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அடுத்த மாதமே நாட்பெட்யா என்ற இன்னொன்று மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு சரக்கு முனையத்தையே முடக்கியது. துறைமுகத்துக்கே அந்தக் கதி என்றால் மளிகைக் கடை எம்மாத்திரம்?

இணைத்த வழியிலேயே நோயும் மாடி ஏறும். அதனால் வாரம் ஒருமுறை தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, ஒயரைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட வேண்டும். வாடிக்கையாளர், சரக்கு இறக்க வரும் டிரைவர் யார் வைஃபை கேட்டாலும் விருந்தினர் இணைப்பை மட்டும் கொடுங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் அந்த வசதி உண்டு. கேமராப் பெட்டிக்கு, வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டே இன்னும் இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

சரக்கை மொத்தமாக எடுத்து விலை குறைக்கத் தெரிந்தவர்கள் நாம். ஒயரையும் அப்படி எடுத்து, வேலை தெரிந்த ஒருவரைச் சங்கத்தின் மூலம் அமர்த்தி, தெருத் தெருவாக முடிக்கலாம். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொண்டால், ஐப்பசி மழைக்கு முன்பே வேலையைத் தொடங்க முடியும்.