கையில் காசு இருக்கும்போதே முடிவெடுப்போம்!

இரண்டாமாண்டு, இயந்திரவியல் துறை



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று சங்கத்து அண்ணன்மார்கள் கேட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கவிதை எனக்கு வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கரும்பும் கடனும்தான். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் விழுப்புரம் பக்கம். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் கரும்பு. அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். நான் முதலாமாண்டு சேர்ந்தபோது கட்டணத்துக்கும் விடுதி முன்பணத்துக்கும் அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி டவுன் அடகுக் கடைக்குப் போனது. மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி.

தை மாதம் கரும்புப் பணம் வந்தது. உரக்கடைப் பாக்கி, வெட்டுக்கூலி, டிராக்டர் வாடகை, சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு மொய் என்று ஒவ்வொன்றாகக் கரைந்தது. "அடுத்த மாசம் மீட்டுக்கலாம்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். கெடு முடிந்து சங்கிலி ஏலத்துக்குப் போய்விட்டது.

விடுமுறைக்குப் போனபோது விஷயம் தெரிந்து அப்பாவிடம் கத்தினேன். "இத்தனை நாள் என்னப்பா பண்ணிக்கிட்டிருந்த? வட்டிக் கணக்குகூடப் போடத் தெரியாதா?" அப்பா ஒன்றும் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் போட்டிருந்த அம்மா எனக்குச் சோறு போட்டார். படித்தவன் என்ற திமிரில் பேசினேன் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அதை உறைக்க வைத்தவர் எங்கள் லெக்சரர் ஒருவர். வகுப்பு முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது, "உங்க ஊர்ப் பக்கமே ஒரு ஆராய்ச்சி நடந்திருக்கு, தெரியுமா?" என்று ஒரு கட்டுரையைக் காட்டினார். 2013இல் 'சயின்ஸ்' என்ற அறிவியல் இதழில் வந்தது அது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலிய நான்கு பேர் எழுதியது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை வைத்துச் செய்திருக்கிறார்கள். அறுவடைக்கு முன் ஒரு தடவையும் அறுவடைப் பணம் வந்த பின் ஒரு தடவையும் அதே விவசாயிகளுக்குப் புதிர்க் கணக்குகள் கொடுத்தார்கள்.

முடிவு என்ன தெரியுமா? அறுவடைக்கு முன் சராசரியாக 4.35 சரியான விடை. பணம் வந்த பிறகு 5.45! ஆள் அதே ஆள். படிப்பும் அதே படிப்பு. மாறியது கையிருப்பு மட்டும்தான். அறுவடைக்கு முன் நூற்றுக்கு 78 பேர் பொருளை அடகு வைத்திருந்தார்கள். பிறகு அது வெறும் 4 பேர். பணமுடை வந்தால் மனம் முழுக்க அதிலேயே மாட்டிக்கொள்கிறது, மற்றதை யோசிக்க இடமில்லாமல் போகிறது என்று அவர்கள் விளக்கம் சொல்கிறார்கள். பிறகு வேறு இடங்களில் நடந்த எல்லாச் சோதனைகளிலும் இதே முடிவு கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு அப்பாவின் முகம்தான் தெரிந்தது. அவருக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. ஒரே நேரத்தில் பத்துக் கணக்கு அவர் தலையில் ஓடிக்கொண்டிருந்தது.

இப்படி மனிதன் உண்மையில் எப்படி முடிவெடுக்கிறான் என்று பார்க்கிற படிப்புக்கு நடத்தைப் பொருளியல் என்று பெயர். மனிதன் எப்போதும் லாப நஷ்டக் கணக்குப் போட்டுத்தான் நடப்பான் என்று பழைய பொருளாதாரப் பாடம் சொல்லும். அப்படி இல்லை, நாம் அவசரத்திலும் பயத்திலும் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்ற நினைப்பிலும் முடிவெடுக்கிறோம் என்று இந்தத் துறை காட்டியது. இதற்காக டேனியல் கானமன் 2002இலும், ரிச்சர்ட் தேலர் 2017இலும் நோபல் பரிசு பெற்றார்கள்.

நம் பாஷையில் சொல்கிறேன். பவர் பிரஸ் மெஷினில் கையை நசுக்கிக் கொள்ளாமல் இருக்க என்ன செய்கிறோம்? "ஜாக்கிரதையா இரு" என்று போர்டு எழுதி மாட்டினால் போதுமா? இரண்டு பட்டன் வைக்கிறோம். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். தூக்கக் கலக்கத்தில் இருக்கிற ஆபரேட்டருக்கும் கை தப்பும். அதே மாதிரி, மனம் அசந்து போகிற இடத்தைக் கண்டுபிடித்து அங்கே ஒரு தடுப்பு வைப்பதுதான் இந்தப் படிப்பின் வேலை. ஏழைக்குப் புத்தி சொல்வது எளிது. தடுப்பு வைப்பதுதான் உதவி!

இதற்கு ஓர் உதாரணம். ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டு விவசாயிகள் உரம் வாங்கிப் போட வேண்டும் என்று நினைத்தும் பலர் போடுவதில்லை. அறுவடையின்போது கையில் காசு இருக்கும், ஆனால் உரம் தேவைப்படாது. விதைக்கும்போது உரம் தேவைப்படும், காசு இருக்காது. எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரெமர், ஜோனதன் ராபின்சன் மூவரும் ஒரு வழி செய்து பார்த்தார்கள். அறுவடை முடிந்த கையோடு விவசாயி வீட்டுக்கே ஆள் அனுப்பி, "இப்பவே உரத்துக்குப் பணம் கட்டுங்க, தேவைப்படும்போது இலவசமா வீட்டுக்குக் கொண்டு வந்து தர்றோம்" என்றார்கள். உரத்தின் விலையில் ஒரு பைசா குறைக்கவில்லை. இருந்தும் உரம் போட்டவர்கள் எண்ணிக்கை நன்றாகக் கூடியது. பின்னால் உரம் போடும் சமயத்தில் பாதி விலைக்கு உரம் கொடுத்தால் கிடைக்கிற பலனுக்கு ஏறக்குறைய சமம் என்று 2011இல் எழுதினார்கள். நேரத்தை மாற்றியதே பாதி விலை மானியத்துக்குச் சமம்!

இதை நான் வீட்டில் சொன்னேன். சொல்வதற்கு முன் அப்பாவிடம், "அன்னிக்கு அப்படிப் பேசினது தப்புப்பா" என்றேன். அவர், "விடுடா, அடுத்த வெட்டுக்கு என்ன பண்ணலாம்னு சொல்லு" என்றார். மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். பணம் வந்த அன்றைக்கே முதலில் நகைக்கடன், அடுத்து என் கட்டணம், மூன்றாவது உரம், மொய் கடைசி. "வர்ற அன்னிக்கு எழுதாதே, வர்றதுக்கு முன்னாடியே எழுது. வந்த பின்னாடி நாலு பேர் வந்து நிப்பாங்க" என்று சொன்னது அப்பாதான். எந்தப் புத்தகத்தையும் படிக்காமலே அவருக்கு அது தெரிந்திருந்தது! இந்த வருடம் அம்மாவின் கம்மல் ஏலத்துக்குப் போகாமல் வீடு திரும்பியது. சங்கிலி போனது போனதுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விற்ற கரும்புக்கு மாதக்கணக்கில் பணம் தராமல் இழுத்துவிட்டு, விவசாயிக்குச் சேமிப்புப் பாடம் நடத்துவது நியாயமில்லை. கூலியும் விலையும் நேரத்துக்கு வந்தால்தான் மற்றதெல்லாம். அதோடு இந்த வித்தை கடைக்காரர்களுக்கும் தெரியும். "ஜீரோ வட்டி, இன்றே கடைசி!" என்று போன் விற்கிறவன் நம் அவசரத்தைத்தான் பிடிக்கிறான். விடுதியில் எத்தனை பேர் மெஸ் பில் கட்ட முடியாமல் போன் தவணை கட்டிக்கொண்டிருக்கிறோம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்!

கடைசியாக நம் சங்கத்துக்கு இரண்டு கோரிக்கைகள். போன வருடம் என் அறைத் தோழன் ஒருவன் உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளைத் தவற விட்டான். அவன் சோம்பேறி அல்ல. அந்த வாரம் அவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஆகவே, கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே சங்க அறை வாசலில் ஒரு மேஜை போடுங்கள். சீனியர்கள் உட்கார்ந்து, வருமானச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் சரிபார்த்து, அங்கேயே விண்ணப்பத்தை ஆன்லைனில் போட்டுக் கொடுக்கட்டும். அடுத்து, விடுதிப் பணத்தை வீட்டில் காசு வருகிற மாதங்களைப் பார்த்துத் தவணையில் வாங்கும்படி நிர்வாகத்திடம் பேசுங்கள். இரண்டுக்கும் பெரிய செலவில்லை.

படித்தவன் வீட்டுக்குக் கொண்டு போக வேண்டியது பட்டம் மட்டுமல்ல. படிக்காதவர்களைப் புரிந்துகொள்கிற மனதும்தான். இதைப் படிக்கிற முதல் தலைமுறை நண்பனே, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் கத்தாதே. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளை எடு. காசு வருவதற்கு முன்பே சேர்ந்து எழுதுங்கள்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!