வான்கோழி வாங்குறது பெருசில்ல... மிச்சக் குழம்பை யார் பார்க்குறது?

டிசம்பர் 25, சாயங்காலம் நாலு மணி. லால்குடி பக்கம் ஒரு வீடு. நள்ளிரவுப் பூசைக்குப் போய்வந்த களைப்பு, மதியச் சாப்பாட்டின் கனம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் படுத்து மொபைல் பார்க்கிறார்கள். அடுப்பங்கரையில் ஒரு பெரிய அண்டா மட்டும் மூடி போட்டபடி உட்கார்ந்திருக்கிறது. உள்ளே பாதி அளவுக்கு வான்கோழிக் குழம்பு. "ராத்திரிக்கு ஆகும், அப்படியே இருக்கட்டும்" என்கிறார் அம்மா.

இந்தக் கட்டுரை அந்த அண்டாவைப் பற்றியது.

புறத்தாக்குடி, புள்ளம்பாடி என லால்குடியைச் சுற்றிப் பழைய கத்தோலிக்கப் பங்குகள் நிறைய. கிறிஸ்துமஸுக்கு ஆட்டுக்கறி, நாட்டுக்கோழி என்பதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். இப்போது ரீல்ஸில் வான்கோழி ரோஸ்ட் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் நாமளும் பண்ணலாமே" என்று ஆரம்பிக்கும் வீடுகளும் உண்டு. ஆசையில் தப்பே இல்லை. ஆனால், வான்கோழியை எப்படிச் சமைப்பது என்று சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கிறது. மிச்சத்தை என்ன செய்வது என்பதைத்தான் நாம் தேடிப் பார்ப்பதே இல்லை.

ஏன் இவ்வளவு மிச்சம் ஆகுது?

கணக்குப் போட்டுப் பாருங்க. உயிர் எடை 6 கிலோ உள்ள வான்கோழியைச் சுத்தம் செய்தால் நாலரை கிலோ அளவுக்குக் கறி தேறும். வீட்டில் ஆறு பேர். ஆளுக்குக் கால் கிலோ என்று தாராளமாக வைத்தாலும் ஒன்றரை கிலோதான் செலவாகும். மூன்றில் இரண்டு பங்கு அப்படியே நிற்கும். நாட்டுக்கோழி வாங்கும்போது இந்தப் பிரச்னையே வராது. மதியமே எலும்பு மட்டும்தான் மிஞ்சும்.

வான்கோழி நம் ஊருக்குப் பிறகு வந்த பறவை. அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 1612-ல் கோவாவிலிருந்து முகலாய மன்னர் ஜஹாங்கீருக்குக் கொண்டுபோன விநோதப் பொருட்களில் இதுவும் ஒன்று. மன்னர் அதிசயித்துப்போய், அரசவை ஓவியர் மன்சூரை வைத்து அதைப் படமாக வரையச் செய்தார். அமெரிக்காவில் நவம்பர் மாதம் நன்றி நவில்தல் நாளுக்கு இதை முழுசாக ரோஸ்ட் செய்கிறார்கள். மிச்சத்தைச் சாண்ட்விச், சூப் என்று நாலு நாளைக்குத் திட்டம் போட்டுச் சாப்பிடுவதும் அந்த விருந்தில் ஒரு பகுதி. நாம் பறவையை மட்டும் எடுத்துக்கொண்டோம், திட்டத்தை விட்டுவிட்டோம்.

சுண்டக்கறி தெரிஞ்ச ஊருக்கே பாடமா?

நியாயமான கேள்வி. மிச்சக் குழம்பை மண்சட்டியில் சுண்டவைத்து, மறுநாள் இட்லிக்கும் பழைய சோற்றுக்கும் தொட்டுக்கொள்வது நமக்குப் புதுசா என்ன?

ஆனால், பாட்டி என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் கவனிக்கணும். அவர் கையில் இருந்தது ஒரு சின்னச் சட்டி மிச்சம். புளியும் உப்பும் தூக்கலாக இருக்கும். அடுப்பில் வைத்து, தண்ணி வற்றும்வரை சுண்டவைப்பார். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை மறக்காமல் கொதிக்கவைப்பார். ஒன்றிரண்டு நாளில் சட்டியை வழித்துச் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள்.

நாம் செய்வது என்ன? பெரிய அண்டா நிறையக் குழம்பு. மதியம் இறக்கியது ராத்திரி பத்து மணிவரை மேடையிலேயே இருக்கும். அப்புறம் அண்டாவோடு ஃபிரிட்ஜுக்குள் திணிப்போம். மறுநாள் முழு அண்டாவையும் எடுத்துச் சூடுபண்ணி, நாலு கரண்டி ஊற்றிக்கொண்டு, திரும்ப உள்ளே வைப்போம். இதற்கும் சுண்டக்கறி என்றுதான் பெயர் சொல்கிறோம். பாட்டியின் பெயரைச் சொல்லி, அவர் செய்ததில் பாதியை மட்டும் செய்கிறோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

அண்டாவுக்குள்ள என்ன நடக்குது?

'கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ்' என்று ஒரு பாக்டீரியா. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் வேலை எளிது. இதன் வித்துகள் கொதியிலும் சாகாது. குழம்பு மெதுவாக ஆறும்போது முளைத்துக்கொள்ளும். 43 முதல் 47 டிகிரி செல்சியஸ் அதற்கு ரொம்பப் பிடித்த சூடு. அந்த நிலையில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைகூட இரண்டு மடங்காகப் பெருகும். பெரிய பாத்திரம், கெட்டிக் குழம்பு, மேலே மூடி என்றால், அண்டாவின் நடுப்பகுதி பல மணி நேரம் அந்தச் சூட்டிலேயே நிற்கும்.

அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. சொல்லும் தகவல் ஒன்று இங்கே முக்கியம். இந்த பாக்டீரியாவால் வரும் கூட்டு வயிற்றுப்போக்கு அங்கே நவம்பர், டிசம்பரில் அதிகம். அதில் பலவும் வான்கோழி போன்ற விருந்து உணவோடு தொடர்புள்ளவை. சாப்பிட்டு 6 முதல் 24 மணி நேரத்தில் வயிறு முறுக்கும், பேதி ஆகும். பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. நாமும், "நேத்து எண்ணெய் ஜாஸ்தி, ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டு ஓமத்தண்ணி குடிப்போம். இளவயசுக்காரர்களுக்கு ஒரு நாளில் சரியாகும். வீட்டில் இருக்கும் தாத்தாவுக்கோ, இரண்டு வயசுக் குழந்தைக்கோ உடம்பில் தண்ணீர் வற்றிப்போனால் அது விளையாட்டில்லை.

"கொதிக்கவெச்சா எல்லாம் செத்துடும்" என்பதும் முழு உண்மை இல்லை. கறியைக் கையால் பிய்க்கும்போது ஒட்டும் 'ஸ்டஃபைலோகாக்கஸ்', மிச்ச பிரியாணிச் சோற்றில் வளரும் 'பேசில்லஸ் சீரியஸ்' இரண்டும் உணவில் நஞ்சை விட்டுவைக்கக்கூடியவை. பாக்டீரியா செத்தாலும், கொதியைத் தாங்கும் அந்த நஞ்சு உணவிலேயே இருக்கும்.

அப்போ என்ன செய்யலாம்?

முதலில், வான்கோழியை முழுசாகச் சமைக்கும் பிடிவாதத்தை விடலாம். நம்மில் பலர் வீட்டு அவனில் அது நுழையவே நுழையாது. தோப்பில் ஓடித் திரிந்த பறவையின் கால் கறி கடினம், நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டுவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் வேகவிட்டால் ஒன்று வேகாது, இன்னொன்று சக்கையாகும். கடையிலேயே பிரித்து வெட்டச் சொல்லுங்க. கால், தொடை குக்கரில் வெந்து குழம்புக்கு. நெஞ்சு சின்னத் துண்டாக வறுவலுக்கு. அன்றைக்குத் தேவைப்படாத பச்சைக் கறியைக் கால் கிலோ, அரை கிலோவாகப் பிரித்து அப்போதே ஃப்ரீஸரில் வைத்துவிட்டால் மிச்சப் பிரச்னை பாதி தீர்ந்தது. முழுசாக ரோஸ்ட் செய்தே தீருவேன் என்பவர்கள் ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கிக்கோங்க. தொடையின் உட்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும்.

இரண்டாவது, சமைத்த உணவை இறக்கியதிலிருந்து இரண்டு மணி நேரம்தான் கெடு. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். திருச்சி டிசம்பரில் வெளியே இதமாக இருக்கலாம். மூன்று அடுப்பு எரிந்த சமையலறை அப்படி இருக்காது. பந்தி முடிந்ததும் குழம்பை இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் தட்டையான டப்பாக்களில் பிரித்து ஊற்றுங்க. தண்ணீர் நிரப்பிய தாம்பாளத்தில் டப்பாவை வைத்தால் மளமளவென ஆறும். ஆவி அடங்கியதும் ஃபிரிட்ஜுக்குள் வைக்கலாம். முழுக்க ஆறும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மூன்றாவது, எடுக்கும்போது அன்றைக்கு வேண்டிய ஒரு டப்பாவை மட்டும் எடுத்து, தளதளவெனக் கொதிக்கவிட்டு, அன்றைக்கே முடிச்சிடுங்க. ஃபிரிட்ஜில் 3, 4 நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் முதல் நாளே ஃப்ரீஸர், டப்பா மேல் தேதி. கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி நிற்கும்.

சமையலுக்கு யோசனையா வேண்டும்? பிய்த்த கறியும் முட்டையும் போட்டுக் கொத்து பரோட்டா. உருளைக்கிழங்கோடு பிசைந்து கட்லெட். எலும்பை மிளகு, சீரகம் தட்டிப்போட்டுக் கொதிக்கவிட்டால் மறுநாள் காலைக்கு ரசம். பாட்டி முறைப்படி சுண்டவைத்த கறிக்கு இடியாப்பத்தைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது.

கொடுக்குறதா இருந்தா, எப்போ?

விருந்து நாளில் அக்கம்பக்கத்துக்குத் தூக்குவாளியில் கொடுத்தனுப்புவது நம் ஊரின் அழகு. அதைச் சூடாக இருக்கும்போதே, நாம் சாப்பிட உட்காரும் முன்னே செய்யலாம். மூன்றாம் நாள் மோந்து பார்த்து, "நமக்கு வேணாம், வேலைக்கு வர்ற அக்காவுக்குக் குடுத்துடலாம்" என்பதைத் தயவுசெய்து நிறுத்துங்க. நம் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்கும் கறியை அவர் பிள்ளைக்குக் கொடுப்பதற்குத் தானம் என்று பெயர் வைக்கக் கூடாது.

எறிவதும் சின்ன விஷயமில்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-ல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். அதில் சுமார் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது. ஓட்டலும் கல்யாண மண்டபமும் பிறகுதான் வருகின்றன.

கடைசியாக ஒன்று. "வான்கோழி வாங்கலாம்" என்று ஆசைப்படுவது பெரும்பாலும் லீவுக்கு வந்த நாம்தான். காலை அஞ்சு மணிக்கு மசாலா அரைப்பதும், ராத்திரி பதினோரு மணிக்கு அண்டாவை என்ன செய்வதென்று முழிப்பதும் அம்மா. நாம் ரயில் ஏறிப்போன பிறகு, "வீணாகக் கூடாதே" என்று அந்த மிச்சத்தை மூணு நாள் தனியாகச் சாப்பிடுவதும் அவர்தான். வயிறு கெட்டாலும் போனில் சொல்ல மாட்டார்.

அதனால், இந்த கிறிஸ்துமஸுக்கு ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாம். பறவையை ஆசைப்பட்டு வாங்கியவர்தான் மிச்சத்துக்கும் பொறுப்பு. சாப்பிட்டு எழுந்ததும் மொபைலைச் சார்ஜில் போட்டுட்டு, நாலு டப்பாவும் ஒரு கரண்டியும் எடுங்க. இருபது நிமிஷ வேலை. அதுக்கப்புறம் தாராளமா படுத்துக்கலாம், அம்மாவும் சேர்த்து.