நான்காவது ஒயர்



நம்மில் பலருடைய வீட்டு வாசலில் பழைய கார் ஒன்று நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய மச்சான் வாங்கிப் போட்டதாக இருக்கலாம். உறவினர் ஒருவர் விற்றதை நாம் குறைந்த விலைக்கு எடுத்ததாகவும் இருக்கலாம். உம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்கும், வெளியூர்த் திருமணங்களுக்குப் போய் வருவதற்கும் அதுவே துணை. புதிய கார் வாங்கும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆகவே, இருப்பதைச் செம்மையாக வைத்துக்கொள்ளும் அறிவு நமக்கு வேண்டும். அத்தகைய காரின் சிறு உறுப்பொன்றைப் பற்றி இம்மாதம் எழுதுகிறேன். அதனால் நான் அடைந்த வெட்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருபது ஆண்டுகளைக் கடந்த சிறிய பெட்ரோல் கார் ஒன்று உண்டு. லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, சென்ற ஆண்டு பதினொன்றாகக் குறைந்தது. புகையில் பெட்ரோல் நெடி வீசியது. எச்சரிக்கை விளக்கும் எரியத் தொடங்கியது. எங்கள் தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் இளைஞர் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, “ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது உஸ்தாத். நாலு ஒயர் உள்ளதையே பார்த்து வாங்கி வாருங்கள்” என்றார்.

அது என்ன கருவி என்று கேட்கிறீர்களா? சைலன்ஸர் குழாயின் முற்பகுதியில், இயந்திரத்துக்கு அருகில், கட்டை விரல் பருமனில் திருகப்பட்டிருக்கும் உறுப்பு அது. அதன் நுனியில் சிர்கோனியா என்னும் பீங்கான் வகைப் பொருள் உள்ளது. அதன்மேல் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. வெளியேறும் புகையில் எஞ்சியுள்ள பிராண வாயுவை வெளிக்காற்றில் உள்ளதோடு அது ஒப்பிடுகிறது. வேறுபாட்டுக்கு ஏற்ப மிகச் சிறிய மின்னழுத்தத்தைத் தருகிறது. பெட்ரோல் மிகுந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட். எத்தனால் கலவாத பெட்ரோல் ஒரு கிராம் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். இந்த அளவைக் காக்கவே காரின் கணிப்பொறி அந்தச் சிறு மின்னழுத்தத்தை ஓயாமல் கவனித்து, பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் தெளிக்கிறது.

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1976ஆம் ஆண்டில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட வோல்வோ கார்களில் இது முதலில் பொருத்தப்பட்டது. சுமார் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை அடைந்த பின்னரே இது வேலை செய்யும் என்பதால், 1982இல் உள்ளேயே சூடேற்றும் கம்பி வைத்த வகையும் வந்தது. நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல் நான்கு பெருநகரங்களில் விற்பனையான புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றி கட்டாயமாயிற்று. 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. ஈயம் இந்தச் சென்சாருக்கு நஞ்சு.

இனி என் கதைக்கு வருகிறேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நான்கு ஒயர் சென்சாருக்குச் சொன்ன விலை எனக்கு மலைப்பாக இருந்தது. அடுத்த கடைக்காரர் மூன்று ஒயர் உள்ள ஒன்றை எடுத்து வைத்தார். “நாலாவது ஒயர் வெறும் எர்த்துதான். அது இல்லாவிட்டாலும் ஓடும்” என்றார். ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று மகிழ்ந்தேன். ஒர்க்‌ஷாப் தம்பி அதைக் கையில் வாங்கிப் பார்த்துத் தயங்கினார். “இது வேண்டாம் உஸ்தாத், மாற்றி வாங்கிவிடலாம்” என்றார். நான் கேட்கவில்லை. பொருத்தச் சொன்னேன், பொருத்தினார்.

இரண்டு வாரத்தில் விளக்கு மீண்டும் எரிந்தது. மைலேஜும் ஏறவில்லை. ஒர்க்‌ஷாப்பில் நான்கு பேர் நின்றிருக்கையில், “வேலை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். காசை வாங்கிக்கொண்டு ஏமாற்றக் கூடாது” என்று அந்தத் தம்பியைக் கடிந்துகொண்டேன். அவர் தலை குனிந்து நின்றார், மறுமொழி கூறவில்லை. அதையே அவருடைய குற்றத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

எங்கள் அடுத்த வீட்டில் பாலிடெக்னிக்கில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் முறையிட்டேன். அவர் மீட்டரை எடுத்து வந்து, சென்சாரின் உடலுக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே உள்ள மின்தடையை அளந்தார். இல்லாதது போல் இருக்க வேண்டிய தடை, அங்கே நிறையவே இருந்தது. பிறகு விளக்கினார்: “மூன்று ஒயர் சென்சாரில் இரண்டு ஒயர்கள் சூடேற்றும் கம்பிக்கு, ஒன்று சமிக்ஞைக்கு. அதற்கு எர்த் சைலன்ஸர் குழாய் வழியாகவே கிடைக்க வேண்டும். உங்கள் குழாயோ துருப்பிடித்துக் கிடக்கிறது. அதனால் சமிக்ஞை குழம்பிப் போகிறது. இதற்காகத்தான் உங்கள் காரைச் செய்தவர்கள் நான்காவது ஒயரைத் தனியாகக் கொடுத்தார்கள். அந்தப் பையன் சரியாகத்தானே சொல்லியிருக்கிறான்?”

எனக்கு நா எழவில்லை.

நேயர்களே, எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராதிருக்க, அவரிடம் கேட்டறிந்தவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

முதலாவதாக, பழுது சென்சாரில்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எச்சரிக்கை விளக்கு நோயைச் சொல்லுமே தவிர, காரணத்தைச் சொல்லாது. சென்சாருக்கு முன்னால் குழாயின் இணைப்பில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். நல்ல சென்சாரும் காற்று மிகுதி என்றே சொல்லும். கணிப்பொறியும் வீணே பெட்ரோலைக் கூட்டும். சூடேற்றும் கம்பி அறுந்திருக்கிறதா என்பதை ஒரே நிறத்திலுள்ள இரண்டு ஒயர்களுக்கிடையே மீட்டர் வைத்தே அறியலாம். சில ஓம் காட்டினால் கம்பி உண்டு. ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது.

இரண்டாவதாக, எந்தச் சென்சார் என்பதைக் கேளுங்கள். சில கார்களில் இரண்டு இருக்கும். வினையூக்கி மாற்றிக்கு முன்னால் இருப்பது பெட்ரோல் அளவை ஆள்வது. பின்னால் இருப்பது அந்த மாற்றி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வாங்கிவிடாதீர்கள்.

மூன்றாவதாக, ஒயர்களின் எண்ணிக்கையும் வகையும் ஒத்திருக்க வேண்டும். ஒற்றை ஒயர் வகையில் சூடேற்றும் கம்பி கிடையாது. டைட்டானியா என்னும் வேறொரு வகை மின்னழுத்தம் தராது. தன் மின்தடையை மாற்றிக் காட்டும். ஐந்து, ஆறு ஒயர்கள் கொண்ட அகல அளவுச் சென்சார்களின் வேலைமுறை முற்றிலும் வேறு. திருகும் மரை ஒன்றாக இருப்பதாலேயே ஒன்றுக்கு மற்றொன்று ஆகிவிடாது.

நான்காவதாக, உங்கள் காருக்கென்றே கப்ளரோடு வருவதை வாங்குவதே நலம். பழைய சென்சாரின் உடலில் பொறித்துள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, காரின் தயாரிப்பு ஆண்டையும் சொல்லிக் கேளுங்கள். எல்லாக் காருக்கும் பொது என்று விற்பதில் ஒயரை வெட்டி இணைக்க நேரும். ஒயரின் நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். ஈயப் பற்றும் வைக்கக் கூடாது. பல சென்சார்கள் ஒப்பிட வேண்டிய வெளிக்காற்றை ஒயரின் உட்புறம் வழியாகவே பெறுகின்றன, ஈயப்பற்று அந்த வழியை அடைத்துவிடும். அந்த வகையைத்தான் வாங்கியாக வேண்டும் என்றால், அதனுடன் வரும் அழுத்து இணைப்புகளையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

ஐந்தாவதாக, பெட்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள். மரையில் ஸ்பேனர் பட்ட தடமோ, நுனியில் கருமையோ தென்பட்டால் அது கழுவித் துடைத்த பழைய பொருள். ரசீது தரும் கடையிலேயே வாங்குங்கள்.

ஆறாவதாக, கழற்றிய பழைய சென்சாரின் நுனியைப் பாருங்கள். கரிய புகைப்படிவு பெட்ரோல் மிகுதியைக் காட்டும். பழுப்பான எண்ணெய்ப் படிவு இயந்திரம் ஆயிலை எரிப்பதைக் காட்டும். வெள்ளைப் பொடி சிலிக்கோன் கலந்த பசையினால் வந்திருக்கலாம். அந்தக் காரணத்தைக் களையாமல் புதியதைப் பொருத்தினால் அதுவும் விரைவில் கெடும். பொருத்தும்போது மரையில் தடவும் பசை நுனியில் படவே கூடாது.

சென்சார் ஒரு நுகர்பொருள் என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். சூடேற்றும் கம்பியில்லாத பழைய வகைக்கு 50,000 முதல் 80,000 கிலோமீட்டர் வரையும், கம்பியுள்ளதற்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் அளவிலும் ஆயுள் சொல்வார்கள். கெட்டுப்போனதை வைத்துக்கொண்டே ஓட்டினால், மிகுந்த பெட்ரோல் வினையூக்கி மாற்றியைச் சூடாக்கிச் சிதைக்கும். அதன் விலை சென்சாரின் விலையைப் போலப் பன்மடங்கு. நம் கார் கக்கும் புகையை நம் தெருப் பிள்ளைகளே சுவாசிக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

நான் உரிய நான்கு ஒயர் சென்சாரை வாங்கிக்கொண்டு மீண்டும் அதே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். தனியே அழைத்துச் சொல்லிவிடலாமா என்று மனம் சற்றுத் தடுமாறியது. நாலு பேர் முன்னால் பழித்ததை நாலு பேர் முன்னால்தான் திரும்பப் பெற வேண்டும் என்று தோன்றியது. “தம்பி, நீங்கள் சொன்னதே சரி. அறியாமல் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்றேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, சென்சாரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “நாலு ஒயர்தான். உட்காருங்கள் உஸ்தாத், அரைமணி நேரத்தில் முடித்துத் தருகிறேன்” என்றார்.

கார் இப்போது நன்றாக ஓடுகிறது. லிட்டருக்குப் பதினான்கு கொடுக்கிறது. கூலி கொடுத்தபோது முதல் முறைக்கு உரியதை அவர் கழித்துக்கொள்ளச் சொன்னார். நான் கழிக்கவில்லை. அந்த முதல் வேலை வீணானதற்குக் காரணம் அவரல்லவே!

நேயர்களே, உங்கள் காரைத் தொடும் தொழிலாளி “இது வேண்டாம்” என்று தயங்கினால், விலையைப் பேசுவதற்கு முன் ஏன் என்று ஒருமுறை கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அதுதான்.